ஒன்றிலிருந்து பத்துக்குள்

ஆம்புலன்ஸ் ஓட்டும் இருதயராஜ்
இரவு ஒன்றேகாலுக்கு என் நோயாளி ஆவார்.
கூலி ஒரு லெமன் டீ.
மூன்று நிமிடம் அட்டையைப் படித்துக்கொள்வேன்:
மிஸ்டர் கார்ட்டர், வயது அறுபத்தெட்டு,
ரோஜாவுக்கு மண் கொத்தும்போது
முதுகு பிடித்துக்கொண்டது.

'வேர் இஸ் த பெயின், மிஸ்டர் கார்ட்டர்?'
இருதயராஜ் இடுப்பைத் தொட்டுக் காட்டுவார்.
ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?
'தஞ்சாவூருக்கா? டீசல் தனி' என்பார்.
சிரித்தால் மார்க் போய்விடும்.
'ஐ அண்டர்ஸ்டேண்ட், இட் மஸ்ட் பி டிஃபிகல்ட்' என்பேன்
முகத்தை இறுக்கிக்கொண்டு.
பரிவுக்குத் தனி மதிப்பெண்.

போன தடவை முந்நூற்று நாற்பது.
வேண்டியது முந்நூற்று ஐம்பது.
குறைந்த பத்தும் பேசுவதில்.
என் பேச்சில் குறை என்று
மன்னார்குடியில் ஒரு கடைக்காரன் சொன்னதில்லை.

ஞாயிறானால் தஞ்சாவூர் பஸ்.
செருப்புக்கடைக்கு மேல் மாடியில் கோச்சிங்,
மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார இடம் பிடிக்க
வடுவூரிலேயே செருப்பைக் கழற்றித் தயாராக இருப்பாள்
என்னோடு வரும் மெர்சி ஃப்ளோரா.
அங்கே ஒரு தாளில் வலிகளை அச்சடித்துத் தந்தார்கள்.
நான் ஒவ்வொன்றுக்கும் எதிரே
என் வார்டிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.
த்ராபிங்: விண்விண்ணென்று தெறிக்குது என்ற
ரைஸ்மில் கணக்குப்பிள்ளையின் கடைவாய்.
ஸ்டாபிங்: சுருக்கென்று குத்தி நின்ற
பதினாறு வயதுப் பையனின் அடிவயிறு.
பர்னிங்: களைக்கொல்லி அடித்த கையால்
கண்ணைக் கசக்கிக்கொண்டவர்.
குடைச்சல், கடுப்பு, உளைச்சல் மூவரும்
தாளில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தார்கள்.
கடைசி வரியில் டிஸ்கம்ஃபர்ட்.
அதற்கு ஆள் அகப்படவில்லை.
எங்கள் வார்டில் வலி இருக்கும், அல்லது இருக்காது.
அடித்துவிட்டேன்.

ஜூலையில் பாமணி ஆற்றில் தண்ணீர்
ஆகாயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு போனது.
கோட்டூர் பக்கம் நடவுக்குப் போன அம்சவல்லி
காலில் சேறு காயாமல்
இரவு ஒன்பதரைக்கு நடந்தே உள்ளே வந்தாள்.
எங்கம்மா வலிக்குது?
'வலியெல்லாம் இல்லீங்க.'
நெஞ்சுல?
'இல்லீங்க. என்னமோ... ஒரு மாதிரியா இருக்கு.'
ஒன்றிலிருந்து பத்துக்குள் என்று
கேட்கவில்லை நான்.
அவள் கணக்கில் அப்படி ஒரு பத்து கிடையாது,
கட்டுக்கு இத்தனை முடி, ஆளுக்கு இத்தனை குழி, அவ்வளவுதான்.
நெற்றியில் வேர்வை. கை ஜில்லென்று.
ஈசிஜி காகிதத்தில் கோடுகள்
கரை உடைந்த வாய்க்கால் மாதிரி மேலேறி நின்றன.
டாக்டரை எழுப்பினேன்.
இருதயராஜ் நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத்
திட்டிக்கொண்டே தாண்டியதாகப் பிறகு சொன்னார்.

அவள் பிழைத்துக்கொண்டாள்.
விடிந்ததும் தாளை எடுத்து
அடித்திருந்ததற்குப் பக்கத்தில்
பொடி எழுத்தில் எழுதினேன்: ஒரு மாதிரி.

சென்னையில், ஏசி அறையில், செப்டம்பரில்
நோயாளியாக நடிக்க வந்தவர்
நன்றாகவே நடித்தார்.
'இட்ஸ் நாட் எக்ஸாக்ட்லி பெயின், நர்ஸ்.'
அட்டையில் அடுத்து நான் சொல்ல வேண்டியது
உணவுக் கட்டுப்பாடு.
அட்டையை மடியில் வைத்துவிட்டேன்.
எப்போதிலிருந்து, என்று கேட்டேன்,
வேர்க்குதா, கை காட்டுங்கள், என்று கேட்டேன்,
எந்த மொழியில் என்பதே ஒரு நொடி சந்தேகம்.
மணி அடித்தது.
உணவுக் கட்டுப்பாடு அப்படியே கிடந்தது.

ஷார்ஜாவிலிருந்து அவர் கேட்டார்:
எப்படிப் பண்ணின?
சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை,
'டிஸ்கம்ஃபர்ட்' என்று சொல்லியிருந்தாலும்
புரிந்திருக்காது.

முடிவு வர இன்னும் பதினொரு நாள்.
இரவு ஒன்றேகாலுக்கு
டீயை ஆற்றிக்கொண்டு கேட்கிறார் இருதயராஜ்:
அந்தக் கார்ட்டர் முதுகு தேவலையா?

ரோஜாவை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்களாம் என்றேன்.